மஞ்சள் மேல் எனக்குப் பகையில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆண்களின் குழந்தையின்மை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மஞ்சளில் உள்ள குர்குமினும் வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டினும் ஈயம், காட்மியம் ஆகிய நச்சு உலோகங்கள் செய்யும் கேட்டிலிருந்து விந்தணுவைக் காக்கும் என்று எழுதியிருந்தீர்கள். பொய்யில்லை. ஆனால் அந்தச் சோதனைகள் பெரும்பாலும் எலிகளில் நடந்தவை என்பது கடைசிப் பத்தியில் ஒரே வரியோடு போய்விட்டது.

நான் 9 வருடம் பேட்டரி ரிப்பேர் கடையில் இருந்தவன். பழைய பிளேட்டை உடைத்து ஈயத்தை உருக்குவோம். புகை போக ஒரு ஃபேன்கூடக் கிடையாது. அதே கையோடு டீயும் பன்னும். கல்யாணமாகி 4 வருடம் குழந்தையில்லை என்றதும் ஸ்கேன், டெஸ்ட் எல்லாம் என் மனைவிக்குத்தான் எடுத்தார்கள். மூன்றாவதாகப் பார்த்த டாக்டர்தான் என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். ருமேனியாவில் பேட்டரித் தொழிலாளர்களின் விந்தணு ஈயத்தால் பாதிக்கப்படுவதை 1975-லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

விந்தணுவின் மேல்சவ்வில் சீக்கிரம் கெடக்கூடிய கொழுப்பு அதிகம். ஈயம் உள்ளே போனால், எண்ணெய் காறிப்போவதுபோல அந்தக் கொழுப்பு கெடுகிறது. தாவரச் சத்து அதைத் தடுக்கிறது, சரி. எலிக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள்? பல சோதனைகளில் கிலோ எடைக்கு 100 மில்லிகிராம் குர்குமின். மனித உடலுக்கு ஏற்றபடி குறைத்துக் கணக்குப் போட்டாலும் தினமும் ஒரு கிராம் வரும். மஞ்சள்தூளில் குர்குமின் 3 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். அப்படியென்றால் தினம் 30 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள்! எந்த வீட்டு ரசத்தில் போடுவது? அதிலும் பல சோதனைகளில் எலிக்கு உலோகத்தையும் மருந்தையும் சேர்த்தே சில வாரம் கொடுக்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கோ வருடக்கணக்கில் எலும்பில் ஏறிய ஈயம்.

மஞ்சள் மண்டி ஊர்க்காரன் நான், மஞ்சள் மேல் எனக்குப் பகையில்லை. ஆனால் வங்கதேசத்தில் மஞ்சளுக்கு நிறம் ஏற்றவே ஈயக் குரோமேட் என்ற ஈயம் உள்ள மஞ்சள் சாயப்பொடியைக் கலந்தார்கள். 2019-ல் அது வெளிவந்த பிறகுதான் அரசு பிடியை இறுக்கியது. ஈயத்துக்கு மருந்து என்று ஈயத்தையே தின்ற கதையாகிவிடும்.

டாக்டர் எனக்கு எழுதிக்கொடுத்தது ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் டெஸ்ட், அப்புறம் "அந்த வேலையை விடுங்க" என்ற ஒரு வார்த்தை. புது விந்தணு உருவாகவே சுமார் இரண்டரை மாதம் ஆகும், ரத்தத்தில் ஈயம் இறங்க அதற்கு மேலும் ஆகலாம், பொறுத்திருங்கள் என்றார். மகள் இப்போது ஆறாவது படிக்கிறாள். (அந்த நாட்களிலும் குழம்பில் மஞ்சள் இருந்தது, எப்போதும் போடும் அளவுதான்.)

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போட்டால், ரத்த ஈயப் பரிசோதனை பற்றியும் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். உங்கள் இதழ் எங்கள் பக்கத்துப் பட்டறை டீக்கடைக்கும் வருகிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
ஈரோடு