பம்ப் ரூம், பேஸ்மென்ட் டிரைவ்களை பி.எம்.எஸ்.ஸோடு இணைத்த பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நீங்கள் ஒப்புதல் தந்த வேலை முடிந்துவிட்டது. பிரஷர் பம்ப் மூன்று, பேஸ்மென்ட் எக்ஸாஸ்ட் ஃபேன் நான்கு, ஆக ஏழு மோட்டார்களின் வி.எஃப்.டி. டிரைவ்களும் (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவிகள்) இப்போது பி.எம்.எஸ். (கட்டட நிர்வாக அமைப்பு) கணினியில் தெரிகின்றன. எது எத்தனை ஹெர்ட்ஸில் ஓடுகிறது, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, எதனால் ட்ரிப் ஆனது என்று பார்க்க, எலக்ட்ரீஷியன் டார்ச்சோடு கீழே ஓட வேண்டியதில்லை.

மூன்று வாரம் என்று சொல்லி மூன்று மாதம் ஆக்கிவிட்டீர்களே என்று பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

டிரைவ்கள் ஏற்கெனவே இருந்தவைதான், எல்லாவற்றிலும் மோட்பஸ் என்ற தொடர்பு மொழிக்கான போர்ட் இருந்தது. பி.எம்.எஸ். புரிந்துகொள்வதோ பேக்நெட் என்ற வேறு மொழி. நடுவில் மொழிபெயர்க்க ஒரு கேட்வே பெட்டி போட்டு, ஏழு டிரைவையும் ஒரே ஜோடிக் கம்பியில் வரிசையாகக் கோர்த்தால் போதும் என்றார் ஒப்பந்தக்காரர். கோர்த்ததும் முதல் பம்பும் மூன்றாவது பம்பும் திரையில் வருவதும் மறைவதுமாக இருந்தன. ஒரு வாரம் முதல் பம்பின் பழைய டிரைவைத்தான் சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால், போன வருடம் மாற்றிய மூன்றாவது டிரைவில் முகவரி எண் கம்பெனியிலிருந்து வந்தபடியே 1 என்று இருந்தது. முதல் பம்புக்கும் அதே 1. கூப்பிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லியிருக்கின்றன.

அப்புறம் வந்ததுதான் பெரிய தொல்லை. இரவு முழுக்கச் சரியாக இருக்கும். காலை ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் குழாய் திறந்ததும் இணைப்பு அறுந்துவிடும். மோட்டாருக்குப் போகும் பவர் கேபிளும் நெட்வொர்க் கேபிளும் ஒரே டிரேயில் உரசிக்கொண்டு கிடந்தன. டிரைவ் மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி அனுப்புவதால், பம்ப் ஓடும்போதெல்லாம் பக்கத்துக் கம்பியில் இரைச்சல் ஏறியது. போதாததற்கு, வரிசையின் இரண்டு முனைகளில் மட்டும் இருக்க வேண்டிய 120 ஓம் டெர்மினேஷன் (சிக்னல் முனையில் மோதித் திரும்பாமல் தடுக்கும் ரெசிஸ்டர்) ஏழு டிரைவிலும் ஆன் செய்யப்பட்டிருந்தது. நெட்வொர்க் கேபிளைத் தனிக் குழாயில் மாற்றி, அதன் ஷீல்டை (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தோம். இந்த மறுவேலைக்குப் பணம் தர முடியாது என்று சொல்லிவிட்டோம்; ஒப்பந்தக்காரரும் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

இணைப்பு அறுபடாமல் நிலைத்ததும் திரை முதல் பம்ப் 412 ஹெர்ட்ஸில் ஓடுவதாகக் காட்டியது! ரெஜிஸ்டர்களை, அதாவது அளவுகள் பதிவாகும் இடங்களை, டிரைவின் மேனுவல் 1-லிருந்து எண்ணுகிறது, கேட்வே 0-விலிருந்து. ஒரு இடம் தள்ளி, வோல்டேஜைப் படித்துக்கொண்டிருந்தது.

பம்பை கணினியிலிருந்தே ஆன், ஆஃப் செய்யும் வசதி வேண்டும் என்று கமிட்டியிலேயே இருவர் கேட்டனர். வேண்டாம் என்று முடிவு செய்தோம். பிரஷர் சென்சார் நேராக டிரைவுக்கே போகிறது; வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டிரைவின் பொறுப்பு. எவ்வளவு பிரஷர் வேண்டும் என்பதை மட்டும் பி.எம்.எஸ். சொல்லும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பம்ப் ஓடும்போதே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தோம். பதினான்காம் மாடிக் குழாயில் தண்ணீர் குறையவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் அப்படித்தான்: தீ அலாரம் பேனலிலிருந்து தனிக் கம்பி வருகிறது. அலாரம் அடித்தால் கணினி என்ன சொன்னாலும் ஃபேன் முழு வேகத்தில் ஓடும்.

கரண்ட் பில் பற்றி. ஃபேனை 50 ஹெர்ட்ஸிலிருந்து 40-க்கு இறக்கினால் மின்செலவு ஏறத்தாழ பாதியாகும். வண்டி நடமாட்டம் இல்லாத இரவு நேரத்தில் இப்போது அப்படித்தான் ஓடுகிறது. பம்புக்கும் அதே பாதி என்று கொட்டேஷனில் எழுதியிருந்ததை நம்ப வேண்டாம். தண்ணீரைப் பதினான்கு மாடி உயரத்துக்குத் தள்ளியே ஆக வேண்டும். அங்கே மிச்சம் அதைவிடக் குறைவாகத்தான் வரும்.

வரவு செலவுக் கணக்கும் பில் நகல்களும் அலுவலகத்தில் உள்ளன. ஏழு டிரைவின் முகவரியும் செட்டிங்கும் எழுதிய தாளை லேமினேட் செய்து பம்ப் ரூம் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம். பெயின்ட் அடிக்க வருபவர்கள் அதைக் கிழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகக் கமிட்டி