லிங்கனோடு நிறுத்திவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் அமெரிக்க அடிமை ஒழிப்பு பற்றி வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் முழுக்க லிங்கன் புராணம். தாடியஸ் ஸ்டீவன்ஸ் என்ற பெயர் ஒரு வரியில்கூட இல்லை. லிங்கன் நிதானம் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், அடிமைகளை விடுவியுங்கள், கையில் துப்பாக்கியும் கொடுங்கள் என்று பிரதிநிதிகள் சபையில் விடாமல் குடைச்சல் கொடுத்தவர் அவர்தான். உள்நாட்டுப் போருக்குப் பணம் புரட்டிய நிதிக் குழுவுக்கும் அவரே தலைவர் என்பதால் யாராலும் லேசில் ஓரங்கட்ட முடியவில்லை.

1792இல் வெர்மான்டில் ஏழை வீட்டில், வளைந்த பாதத்தோடு பிறந்தவர். பென்சில்வேனியாவில் வக்கீல். இலவசப் பள்ளிச் சட்டத்தை 1835இல் சிலர் ரத்து செய்யக் கிளம்பியபோது மாநிலச் சட்டமன்றத்தில் பேசியே அதைக் காப்பாற்றினார். அதற்காக மகான் ஆக்கிவிடவும் வேண்டாம். சாரிட்டி பட்லர் என்ற பெண் விடுதலை கேட்டுப் போட்ட வழக்கில் அவர் ஆஜரானது எஜமானன் பக்கம், 1821இல் ஜெயித்தும் கொடுத்தார், அந்தத் தாயும் பிள்ளைகளும் மறுபடி அடிமைகள். பிற்பாடு தப்பி வந்த அடிமைகளுக்காக ஃபீஸ் வாங்காமல் வாதாடினார், சரி, ஆனாலும் அந்தக் கணக்கு நேராகிவிடாது.

போர் முடிந்ததும் பெரிய தோட்ட முதலாளிகளின் நிலத்தைப் பறித்து, விடுதலையானவர்களுக்கு ஆளுக்கு 40 ஏக்கர் கொடுக்கச் சொன்னார். அது தேறவில்லை. சட்டத்தின் முன் சமப் பாதுகாப்பு தரும், அரசியலமைப்பின் 14ஆவது திருத்தத்தில் அவர் உழைப்பு பெரிது, கேட்டதில் பாதிதான் அதில் கிடைத்தது என்றாலும். 1868 ஆகஸ்டில் இறந்தார். மற்ற கல்லறைத் தோட்டங்களில் இனம் பார்த்துத்தான் இடம் தருவார்கள் என்பதால், எல்லாரையும் சேர்த்துக்கொண்ட ஒரு சின்னத் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்து லங்காஸ்டரில் அங்கேயே அடக்கமானார். காரணத்தைக் கல்லறையிலேயே எழுதி வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், குசும்புக்காரர்!

இதே காலத்தில்தான் எங்கள் திருவிதாங்கூரிலும் 1855இல் அடிமை ஒழிப்பு அறிவிப்பு, 1859இல் நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் தோள்சீலை உரிமை எல்லாம் வந்தது. அதை மேடை போட்டுப் பெருமையாகப் பேசுவோம். ஆனால் மார்த்தாண்டம் பக்கம் எங்கள் ஊரில் இன்றைக்கும் சாதிக்கு ஒரு சுடுகாடு. கான்கிரீட் பாதையும் கூரையும் போட்ட சுடுகாடு கூப்பிடு தூரத்தில் இருக்க, போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டியை ரப்பர் தோட்டத்துச் சகதியில் வழுக்கி வழுக்கித் தூக்கிக்கொண்டு போனோம். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, நானும்தான்.

அடுத்த வாரம் ஸ்டீவன்ஸுக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். அந்த 1821 வழக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மார்த்தாண்டம்