எரிமலைக்குள்ள எதுவும் எரியலங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் சிறுவர் பக்கத்துல வந்த எரிமலைக் கட்டுரைய பேத்திக்கு வாசிச்சுக் காட்டிட்டு இருந்தேன், 'பூமிக்குள் எரியும் தீ மலையைப் பிளந்து வெளியேறுகிறது'ன்னு ஒரு வரி வந்துச்சு, அங்கயே நிறுத்திட்டேன். உள்ள எதுவும் எரியலங்க. எரிமலைன்னு நாம வச்ச பேரால வந்த வினை. புகைன்னு சொல்றோமே, அதுகூட பொடிப்பொடியா நொறுங்கின பாறையும் கண்ணாடித் துகளும்தான்.

வெடிக்க வைக்கிறது பெரும்பாலும் தண்ணி! பூமியோட மேலோடு பெரிய பெரிய தட்டுகளா இருக்குங்க, அதுல கடலடித் தட்டு பக்கத்துத் தட்டுக்கு அடியில சொருகிக்கிட்டுப் போறப்போ கல்லுக்குள்ள பிடிச்சு வச்சிருந்த தண்ணியையும் கூட்டிட்டுப் போகுது, அது மேல இருக்கிற சூடான பாறையில கசிஞ்சா பாறை குறைஞ்ச சூட்டுலயே உருகிடுது, தண்ணியும் அந்தக் குழம்புல கரைஞ்சே கிடக்கும். ஆழத்துல அழுத்தம் இருக்கிற வரைக்கும் கம்முனு இருக்கும். மேல ஏறி அழுத்தம் குறைஞ்சதும் ஆவியா நுரைச்சுப் பொங்கும், கோலி சோடாவுல கோலிய அமுக்கினா ஆகுமே, அதேதான்.

அப்போ ஹவாய்த் தீவுல மட்டும் ஏன் தாத்தா குழம்பு ஆறு மாதிரி ஓடுதுன்னு பேத்தி கேட்டா. அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போனேன். ரசம் கொதிச்சா குமிழ் பாட்டுக்கு வெளிய போயிடும், கேழ்வரகுக் கூழ் கொதிச்சா டப்பு டப்புன்னு தெறிச்சு கையச் சுட்டுடும். குழம்பைக் கெட்டியாக்கறது சிலிக்கா, மணல்ல இருக்கிற பொருள். ஹவாய்க் குழம்புல அது 50 சதவீத அளவுதான், தண்ணி மாதிரி ஓடும். செயின்ட் ஹெலன்ஸ் மலையில 60 சதவீதத்துக்கும் மேல, செம கெட்டி, குமிழுக்குத் தப்பிக்க வழியே கிடையாது.

அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல இருக்கிற அந்த மலையோட வடக்குச் சரிவு 1980ல ஒரு நாளைக்கு ஒன்றரை மீட்டர்னு புடைச்சுக்கிட்டே வந்துச்சு. மே 18 காலையில 8.32க்கு 5.1 அளவுல நிலநடுக்கம், சரிவு மொத்தமா பேர்ந்து விழுந்துச்சு, கோலி கழண்டுடுச்சு. எல்லாரும் மேல பார்த்துட்டு இருக்க, அது பக்கவாட்டுல வெடிச்சுது. சுமார் 600 சதுர கிலோமீட்டர் காடு காலி, 57 பேர் செத்துப் போனாங்க, 10 கிலோமீட்டர் தள்ளி இருந்து கண்காணிச்சிட்டு இருந்த டேவிட் ஜான்ஸ்டன்ங்கிற 30 வயசு விஞ்ஞானியும் தப்பல. 2,950 மீட்டர் மலை 2,549 ஆயிடுச்சு.

உங்க கட்டுரையில செயின்ட் ஹெலன்ஸ்னு பேர் போட்டுட்டு ஹவாய்ல ஓடற செங்குழம்புப் படத்த வச்சிருக்கீங்க, அதையும் சேர்த்து ஒரு திருத்தம் போட்டுடுங்க சார். பேத்தி அந்தப் பக்கத்த வெட்டி நோட்டுல ஒட்டி வச்சிருக்கா.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன்