சப்ளையர் வேலைக்குப் போயிருக்கும் தம்பிக்கு

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நீ சென்னைக்குப் போய் ஹோட்டல் வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது என்று சித்தி சொன்னார்கள். நீ அனுப்பியிருந்த குரல்பதிவையும் இரண்டு முறை கேட்டேன். "காலையில் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் ஹாலில் இறங்குகிறேன் அண்ணே, ஒன்பது மணிக்குள் இரண்டு பேரிடமாவது எரிந்து விழுந்துவிடுகிறேன், இந்த வேலையில் இருந்துகொண்டு எப்படிச் சாட்சியாக வாழ்வது?" என்று கேட்டிருந்தாய். தோளில் துண்டோடு 19 வருடம் ஹால்களில் நின்றவன் நான். நெல்லையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் நம் சபைப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இதே வேலைக்கு வருகிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் உனக்கு மட்டும் சொல்ல வேண்டியதைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை உன் மனதிலிருந்து எடுத்துப் போட்டுவிடு. ஊழியம் என்பது வேறு, இலை போட்டுச் சாம்பார் ஊற்றுவது வேறு என்று நினைக்காதே. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்துப் பார். எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாடம் பரிமாறுவதில் குறை வந்தபோது, அந்தப் பந்தி விசாரணைக்காகத்தான் ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்கள். அவர்களுக்கு வைத்த தகுதி நற்சாட்சியும், பரிசுத்த ஆவியும், ஞானமும். சோறு சரியாகப் போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொள்ள அத்தனை தகுதி கேட்டிருக்கிறார்கள். அந்த ஏழு பேரில் முதலாவது சொல்லப்படும் ஸ்தேவான்தான் பிறகு சபையின் முதல் இரத்தசாட்சி ஆனார். நம் திருமண்டலத்தில் ஐயர், அதாவது சபைப் போதகர், ஆவதற்கு முன் கொடுக்கப்படும் டீக்கன் பட்டத்தின் பெயரே, பந்தியில் நின்று பரிமாறும் ஆளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆண்டவரும் கடைசி இராப்போஜனத்தில், பந்தியிருக்கிறவன் பெரியவனா பணிவிடை செய்கிறவன் பெரியவனா என்று கேட்டுவிட்டு, "நான் உங்கள் நடுவிலே பணிவிடைக்காரனைப்போல் இருக்கிறேன்" என்றார். அந்த வசனத்தைப் பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒரு கையில் நான்கு தட்டுகளை அடுக்கிக்கொண்டு அடுக்களைக் கதவை முழங்கையால் தள்ளியபோதுதான், அவர் தன்னை யாருடைய இடத்தில் வைத்துப் பேசினார் என்று எனக்கு உறைத்தது.

உன் கேள்விக்கு வருகிறேன். ரோமர் 12:9இல் பவுல் எழுதுகிறார்: "உங்கள் அன்பு மாயமற்றதாயிருப்பதாக." எங்கள் தொழிலில் இந்த ஒரு வார்த்தைதான் கடினம். ஹோட்டலில் சிரிப்பும் சம்பளத்தில் சேர்ந்தது. சூபர்வைசர் பார்க்கிறபோது குனிந்து தண்ணீர் ஊற்றுவதும், டிப்ஸ் வைக்கிற கைக்கு மட்டும் சட்னி தாராளமாக வருவதும் எல்லாருக்கும் தெரிந்த பழக்கம். ஆகையால் நீ இன்முகமாக இருந்தாய் என்பதற்காக யாரும் அதை அன்பு என்று எடுத்துக்கொள்ளப் போவதில்லை. உனக்கு ஒன்றும் திரும்பக் கிடைக்காத இடத்தில் நீ என்ன செய்கிறாய் என்பதைத்தான் உடன் வேலை செய்கிறவர்கள் கவனிப்பார்கள்.

ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். நான் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு ஹோட்டலில் இருந்தபோது தினமும் மாலை நாலரை மணிக்கு வருவார். இரண்டு இட்லி, ஒரு காபி. டிப்ஸ் வைக்க வசதியுள்ளவர் இல்லை; சாப்பிட முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார் என்பதால் அவர் வந்தாலே மற்ற சப்ளையர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். சில மாதம் நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருநாள் கூட்டம் இல்லாத நேரத்தில் தூணோரமாக நின்று அவரைப் பார்த்தேன். காபி டம்ளரின் விளிம்பை இரண்டு விரலால் தொடுகிறார், கையை எடுத்துவிடுகிறார், மறுபடியும் தொடுகிறார். கை நடுக்கம் உள்ளவர். டபராவில் ஊற்றி ஆற்றினால் மேசையெல்லாம் சிந்தும் என்ற கூச்சத்தில், காபி தானாக ஆறுகிறவரை அவர் காத்திருந்திருக்கிறார். முக்கால் மணி நேரத்தின் காரணம் அவ்வளவுதான். மறுநாள் முதல் அடுக்களையிலேயே இரண்டு முறை ஆற்றி, டம்ளரில் முக்கால் அளவு ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். மீதியைப் பிறகு கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து, இட்லியைச் சின்னத் துண்டுகளாக்கிக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். தன் கை நடுங்குவதை அவர் என்னிடம் ஒப்புக்கொண்டது அந்தக் கேள்வியில்தான். அன்பு என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் இன்றைக்கும் அந்தத் துண்டு இட்லிதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

வாடிக்கையாளரிடம் காட்டும் அன்பில் உண்மையும் சேர்ந்தது. காலையில் வைத்த குருமா மாலையில் ஒரு மாதிரி இருந்தால், "இன்றைக்கு அது வேண்டாம் சார், தோசை சூடாக இருக்கிறது" என்று சொல்லிவிடு. சர்க்கரை நோய் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், காபியில் ஏற்கெனவே சர்க்கரை கலந்துவிட்டார்களா என்று டீ மாஸ்டரிடம் கேட்டுவிட்டுக் கொடு, ஊகத்தில் தலையாட்டாதே. பலகாரம் பொரிக்கிற எண்ணெயில் கெட்டுப்போன கூறுகள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. அதை அளந்து பார்க்கும் கருவி உன் கையில் இருக்காது. ஆனால் கறுத்து, நுரைத்து, புகைகிற எண்ணெய் கண்ணுக்குத் தெரியும். மாஸ்டரிடம் தனியாக, மரியாதையாகச் சொல். நம் கையிலிருந்து வாங்குகிறவர் அடுக்களையைப் பார்க்காமலே வாயில் வைக்கிறார். அந்த நம்பிக்கைக்கு நாம் பொறுப்பு.

யாக்கோபு தன் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில், பொன்மோதிரம் போட்டவனை நல்ல இடத்தில் உட்காரச் சொல்லிவிட்டுத் தரித்திரனை "நீ அங்கே நில்லு" என்று சொல்கிற சபையைக் கடிந்துகொள்கிறார். இதை அவர் ஜெப ஆலயத்தைப் பற்றி எழுதினார்; எனக்கோ அது ஹோட்டல் வாசலைப் பற்றி எழுதியதாகவே தோன்றும். துப்புரவு வேலை முடித்து அதே உடுப்போடு ஒருவர் உள்ளே வந்து உட்கார்ந்தால், அவர் மேசைக்குத் தண்ணீர் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார். வாசலில் பையோடு பார்சலுக்காக நிற்கிற டெலிவரி தம்பியைப் பார். நாட்டில் தனி டம்ளர் வைத்துத் தேநீர் கொடுத்த கடைகளின் கதை உனக்குத் தெரியும். நம் ஹோட்டலில் டம்ளர் ஒன்றுதான் என்றாலும், தாமதப்படுத்தியே ஒருவரைத் தனியாக வைக்க முடியும். அவருக்கு முதலில் தண்ணீர் வை. டெலிவரி தம்பிக்கும் ஒரு டம்ளர் கொடு.

உடன் வேலை செய்கிறவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் தவறியதும் அங்கேதான். வாடிக்கையாளர் அரை மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். பாத்திரம் தேய்க்கிற அம்மாவோடு தினமும் பன்னிரண்டு மணி நேரம் இருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரக் கூட்டத்தில், டம்ளர் வரவில்லை என்று அந்த அம்மாவை எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். என் தாய் வயது அவர்களுக்கு. திரும்பி ஒரு வார்த்தை பேசவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கழுவி முடிக்காத டம்ளர்களில் ஆறை மட்டும் வேகமாக அலசி என் தட்டில் வைத்தார்கள். அவர்கள் விரலிடுக்கெல்லாம் சோப்புத் தண்ணீரில் வெடித்துப் புண்ணாகியிருந்ததை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். அன்று காலை 7 மணி ஆராதனையில் நற்கருணை வாங்கிவிட்டு வந்தவன் நான். இரவு கடை அடைக்கும்போது போய் மன்னிப்புக் கேட்டேன். தனியாகக் கேட்டது போதாது என்று மனம் உறுத்தியதால், மறுநாள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது மறுபடியும் கேட்டேன். அதன் பிறகு ரப்பர் கையுறை வாங்கித் தரும்படி மேனேஜரிடம் மூன்று வாரம் நச்சரித்துக் கடைசியில் வாங்கிக் கொடுக்கவும் வைத்தேன். எல்லார் முன்னாலும் திட்டியதை எல்லார் முன்னாலும்தான் திரும்ப எடுக்க வேண்டும், தம்பி.

டிப்ஸ் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். பணம் மேசைக்கு வருகிற நம் கையில் விழுகிறது. தோசைக்கல் முன்னால் வெந்துபோகிற மாஸ்டருக்கோ, இலை எடுக்கிற பையனுக்கோ, கழுவுகிற அம்மாவுக்கோ அதில் ஒரு காசும் போவதில்லை. அன்றன்றைக்குக் கிடைத்ததில் ஒரு பங்கை எடுத்துவைத்து அவர்களுக்குக் கொடு. தானமாகக் கொடுக்காதே; அவர்கள் பங்கு என்றே சொல்லிக் கொடு.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து உன்னோடு நிற்கிற பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. "ஏ இந்திக்காரா" என்றுதான் நம் ஆட்கள் பலர் கூப்பிடுகிறார்கள். வருடக்கணக்கில் சொந்தப் பெயரைக் கேட்காமலே ஒருவன் வேலை செய்வது எவ்வளவு பெரிய தனிமை என்று யோசித்துப் பார். "கானா காயா?" என்ற இரண்டு வார்த்தையைக் கற்றுக்கொள். சாப்பிட்டாயா என்று கேட்பதுதானே நம் பாஷையிலும் விசாரிப்பு.

என்னோடு இருந்த பரோட்டா மாஸ்டர் ஒரு பாய். ரமலான் மாதத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் அனல் பறக்கிற கல் முன்னால் நின்று மாவு வீசுவார். நோன்பு திறக்கிற நேரத்தில் அரை மணி நேரம் அவர் கல்லை விட்டு விலக வேண்டும், ஆனால் அந்த நேரத்தில்தான் கூட்டம் தொடங்கும். உருண்டை பிடிக்கவும் கல்லைப் பார்த்துக்கொள்ளவும் நானும் இன்னொரு பையனும் கற்றுக்கொண்டு, அந்த அரை மணி நேரம் அவர் இடத்தில் நின்றோம். பள்ளிவாசலிலிருந்து வரும் நோன்புக் கஞ்சியில் எங்களுக்கும் ஒரு தூக்கு எடுத்துவைப்பார். பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனைக்கு நான் போக வேண்டும் என்றபோது, என் மேசைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள ஆள் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். நான் அவரிடம் மதம் பேசியதில்லை. என் விசுவாசத்தைப் பற்றி அவராகக் கேட்ட அன்றைக்குத்தான் சொன்னேன்.

பில் தட்டில் சுவிசேஷக் கைப்பிரதி வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வைக்காதே என்பதுதான் என் அபிப்பிராயம். சாப்பிட வந்தவர் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறார், கடையும் நம்முடையதல்ல. அதைவிட, நீ காட்டிய கனிவெல்லாம் அந்தக் காகிதத்துக்காகத்தான் என்று அவர் நினைத்துவிட்டால் அன்பு தூண்டில் புழுவாகிவிடும். விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லத்தான் பேதுரு சொல்கிறார். கேட்கிறபோது சொல், மறைக்காதே.

பொறுமையைப் பற்றியும் ஒன்று. உன்னைத் திட்டுகிற வாடிக்கையாளரிடம் குரலைத் தாழ்த்திப் பேசு. பெரும்பாலும் அவர் கோபம் தோசைமேல் இல்லை, வேறெங்கிருந்தோ கொண்டுவந்தது. ஆனால் மேசை துடைக்கிற பெண்ணிடம் ஒருவன் தகாத வார்த்தை பேசினால், அங்கே பொறுமை காட்டாதே. உடனே குறுக்கே போய் நில், மேனேஜரைக் கூப்பிடு. இன்னொருவருடைய அவமானத்தை நாம் பொறுத்துக்கொள்வது அன்பு ஆகாது. நிற்க முடியாத அளவுக்குக் கால் வீங்கியவருக்கு ஒரு ஸ்டூல் கேட்பதும் அப்படித்தான். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2021இல் சட்டமே திருத்தியிருக்கிறது. கேட்கத் தயங்காதே.

நம் சபையாருக்கும் இதில் ஒரு வார்த்தை உண்டு. ஞாயிறு காலை ஆராதனை முடிந்து வேதாகமப் பையோடு குடும்பம் குடும்பமாக வருகிறவர்கள், நெய் ரோஸ்ட் ஐந்து நிமிடம் தாமதமானதற்குப் பேசுகிற பேச்சைக் கேட்டுவிட்டு, "உங்க ஆளுங்கதானே அண்ணே?" என்று இலை எடுக்கிற பையன் என்னிடம் கேட்டிருக்கிறான். பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அவர்கள் ஆராதித்துவிட்டு வருவதற்காகத் தன் ஆராதனையை விட்டுவிட்டு வேலைக்கு வந்திருக்கிற கிறிஸ்தவப் பிள்ளையும் அந்த ஹாலில் இருப்பான் என்பதை, இதை வாசிக்கிற சபையார் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஜெபித்துவிட்டுப் போயும் ஒன்பது மணிக்குள் கோபம் வருகிறது என்றாய். வரும். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மடம் ஒன்றில் சமையற்கட்டு வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸுக்கு அந்த வேலை இயல்பாகவே பிடிக்காது. அங்கே இருந்த 15 வருடமும் தேவனோடு பேசிக்கொண்டே வேலை செய்ததால்தான் அது அவருக்கு இலகுவாயிற்று. காலை ஜெபத்தை நாள் முழுக்க நீட்ட வேண்டியிருக்கிறது. ஹாலிலிருந்து அடுக்களைக் கதவுக்கு இருபது அடி இருக்கும். வெறுங்கையோடு போகிற அந்த இருபது அடியில் "ஆண்டவரே, மூன்றாம் மேசை" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போவேன். திரும்பி வருகிறபோது மூன்றாம் மேசைக்காரர் முகம் கொஞ்சம் வேறு மாதிரி தெரியும்.

அடுத்த மாதம் ஊரில் அசனம். சாதி, வசதி பார்க்காமல் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற அந்தப் பந்தியில் நீ பன்னிரண்டு வயதிலேயே சாம்பார் வாளி தூக்கியவன். இரண்டு நாள் லீவு கேட்டுப் பார். கிடைத்தால் போன் பண்ணு. இந்த வருடம் வாளி தூக்க ஆள் குறைவு என்று ஐயர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்புடன்,
அண்ணன்