எந்தத் தேதியில் என்று எழுதுங்கள்: தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொடக்கப்பள்ளிகளை நடத்தும் தலைமையாசிரியர்களுக்கும், அங்கிருந்து எங்கள் வீடுகளுக்கு வரும் சுற்றறிக்கைகளை எழுதுகிறவர்களுக்கும் வணக்கம்.

என் மகள் இரண்டாம் வகுப்பில் படித்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அவளுடைய புத்தகப் பையைக் காலி செய்தேன். பென்சில் சீவிய தூளுக்கும் உடைந்த ரப்பர் துண்டுக்கும் அடியில், நான்காக மடித்த ஒரு தாள் கிடந்தது. தண்ணீர் பட்டு மை பரவியிருந்தது. "சில மாணவர்களுக்கு உடல்நலக் குறைவு காணப்படுவதால், பெற்றோர் தகுந்த முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளை மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." கீழே முத்திரையும் கையெழுத்தும் இருந்தன. என்ன நோய், எந்த வகுப்பு, எந்த நாள் என்பது மட்டும் இல்லை.

அன்று காலைதான் அவள் முதுகில் மூன்று கொப்புளங்களைப் பார்த்து, கொசுக்கடி என்று நினைத்துக் களிம்பு தடவியிருந்தேன். மறுநாள் மருத்துவர் பார்த்தவுடனேயே சின்னம்மை என்றார். என் தங்கை அப்போது நிறைமாதக் கர்ப்பிணியாக எங்களோடுதான் இருந்தாள். அவளுக்குச் சின்னம்மை வந்ததாக எங்கள் யாருக்கும் நினைவில்லை. முதல் நாள் இரவுகூட என் மகள் அவள் மடியில் தலைவைத்துத்தான் தூங்கினாள். தங்கையின் இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்கு ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருந்தது, பிழைத்தோம். பிறகு பள்ளியில் விசாரித்தபோதுதான் தெரிந்தது, வகுப்பில் முதல் குழந்தைக்கு அம்மை கண்டு பதினாறு நாள்கள் ஆகியிருந்தன.

அந்தப் பதினாறு நாள்களைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்தேன்.

ஒவ்வொரு தொற்றுநோய்க்கும் ஒரு நாள்கணக்கு உண்டு. சின்னம்மை, தொற்றிய 10 முதல் 21 நாள்களுக்குள் வெளியே தெரியும். கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே அது மற்றவர்களுக்குப் பரவத் தொடங்கிவிடும். ஆகவே முதல் நாளே எனக்குத் தெரிந்திருந்தால் ஒரு வாரமாவது என் கையில் இருந்திருக்கும். தங்கையை வேறு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன், அல்லது அவளுக்கு முன்கூட்டியே பரிசோதனை செய்திருப்பேன். தட்டம்மையில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. நோயாளி வெளியேறிய பிறகும் இரண்டு மணி நேரம்வரை அந்தக் கிருமி அறைக் காற்றில் இருக்கும். தடுப்பூசி போடாதவர்கள் பத்துப் பேர் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும். தொற்று நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டுக்கொண்டால் நோயைத் தடுக்கவோ அதன் கடுமையைக் குறைக்கவோ வாய்ப்பு இருக்கிறது. உங்கள் தாள் நான்காம் நாள் வந்து சேர்ந்தால் அந்த வாய்ப்பு போய்விடும். வெள்ளிக்கிழமை தெரிந்த செய்தியை, மாதக் கடைசியில் வரும் பள்ளிச் செய்தி மடலில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கும்போது, உங்களை அறியாமலேயே பல குடும்பங்களின் நாள்களைச் செலவழித்துவிடுகிறீர்கள்.

நோயின் பெயரைச் சொன்னால் பீதி பரவும் என்று சிலர் தயங்குகிறீர்கள். என் அனுபவம் நேர்மாறானது. பெயர் இல்லாத தாள்தான் பயமுறுத்துகிறது. அன்று மாலையே பெற்றோர்கள் ஒருவரையொருவர் அழைத்து ஆளுக்கொரு நோயைச் சொல்லிக்கொள்கிறார்கள். தெளிவாக எழுதிய நான்கு வரிகள் போதும், பேச்சு அடங்கிவிடும். எனக்கு வந்திருக்க வேண்டிய தாள் எப்படி இருந்திருக்கலாம் என்று நானே எழுதிப் பார்த்தேன்:

"இரண்டாம் வகுப்பில் சின்னம்மை கண்டறியப்பட்டிருக்கிறது. வகுப்பில் தொற்று ஏற்பட்டிருக்கக்கூடிய கடைசி நாள் மார்ச் 4. உங்கள் குழந்தைக்குத் தொற்றியிருந்தால் பெரும்பாலும் மார்ச் 25க்குள் காய்ச்சலும் நீர் கோத்த கொப்புளங்களும் தெரியவரும். முதுகு, வயிறு, தலைமுடிக்கு அடியில் தினமும் பாருங்கள். கண்டால் பள்ளிக்குச் சொல்லிவிட்டு, எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும்வரை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். வீட்டில் கர்ப்பிணியோ, கைக்குழந்தையோ, எதிர்ப்புச் சக்தி குறைந்தவரோ இருந்தால் இன்றே மருத்துவரிடம் கேளுங்கள்."

இதில் எந்தக் குழந்தையின் பெயரும் இல்லை, யாருடைய வீட்டு விவரமும் இல்லை. செய்ய வேண்டியது மட்டும் இருக்கிறது. 'தகுந்த முன்னெச்சரிக்கை' என்ற சொற்களை வைத்துக்கொண்டு ஒரு தாயால் எதுவும் செய்ய முடியாது. 'முதுகைப் பாருங்கள்' என்றால் உடனே சட்டையைத் தூக்கிப் பார்ப்பாள்.

வாந்தி, வயிற்றுப்போக்குக்கும் இப்படித்தான். நோரோவைரஸ் பரவும் நாள்களில், ஆல்கஹால் கலந்த கைத்தெளிப்பான் பெரிதாக உதவாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும் என்பதையும், வாந்தி நின்ற பிறகும் 48 மணி நேரம் வீட்டில் வையுங்கள் என்பதையும் எண்ணோடு எழுதுங்கள். 'முழுமையாகக் குணமான பின்' என்று எழுதினால் ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு ஒவ்வொரு பொருள்.

இன்னொரு தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது சொல்லக் கொஞ்சம் கடினம்.

அடுத்த ஆண்டு என் மகள் தலையில் பேன். பள்ளியில் பார்த்துவிட்டு நடுப்பகலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் அந்த வகுப்புப் பெற்றோர் அனைவருக்கும் ஒரு குறிப்பு போனது: "சுகாதாரக் குறைவான மாணவி ஒருவர் மூலம் பேன் பரவுகிறது." பெயர் இல்லைதான். நடுப்பகலில் பையைத் தூக்கிக்கொண்டு போனவள் ஒருத்திதானே? வகுப்பில் அத்தனை பேருக்கும் தெரிந்தது. அன்று இரவு அவள் மூன்றாவது முறையாக என்னிடம் வந்து, "அம்மா, இன்னொரு தடவை தலைக்குக் குளிப்பாட்டிவிடுகிறாயா?" என்று கேட்டாள். முடி ஏற்கெனவே ஈரமாகத்தான் இருந்தது.

பேன் பறக்காது, குதிக்காது. தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து போகும். சுத்தமான தலை, அழுக்குத் தலை என்ற பேதமெல்லாம் அதற்கு இல்லை. அரிப்பு தொடங்கிப் பிறர் கண்ணில் படும்போது, அது பெரும்பாலும் பல வாரங்களாகத் தலையில் இருந்திருக்கும். ஆகவே அன்று நடுப்பகலில் குழந்தையை எழுப்பி அனுப்புவதால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. பேனுக்காக ஆரோக்கியமான ஒரு குழந்தை பள்ளி நேரத்தை இழக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2015இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. தட்டம்மைக்கு வேண்டிய அவசரத்தைப் பேனுக்குக் காட்டினீர்கள், பேனுக்கு வேண்டிய நிதானத்தைச் சின்னம்மைக்குக் காட்டினீர்கள். எதற்கு ஓட வேண்டும், எதற்கு மாலைவரை காத்திருக்கலாம் என்று முன்பே முடிவு செய்துவைத்திருந்தால் இரண்டுமே நடந்திருக்காது.

1902இல் நியூயார்க்கில் பள்ளி மருத்துவர்கள் தொற்று கண்ட குழந்தைகளை அன்றாடம் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கண் நோய், தோல் நோய், பேன் என்று பலவும் காரணம். வீட்டில் என்ன செய்வது என்று யாரும் விளக்கவில்லை. குழந்தைகள் சிகிச்சையும் இல்லாமல், பாடமும் இல்லாமல் கிடந்தார்கள். அப்போது லில்லியன் வால்டு என்ற செவிலியரின் முயற்சியால், லினா ராஜர்ஸ் என்ற செவிலியர் நான்கு பள்ளிகளில் சோதனை முயற்சியாக நியமிக்கப்பட்டார். அவர் பள்ளியிலேயே மருந்து போட்டார், வீடுகளுக்குப் போனார், தாய்மார்களிடம் எப்படிச் செய்வது என்று செய்து காட்டினார். அந்த ஆண்டு செப்டம்பரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். செவிலியர்கள் கூடுதலாக நியமிக்கப்பட்ட பின், மறு ஆண்டு செப்டம்பரில் அது ஆயிரத்துச் சொச்சமாகக் குறைந்தது. அந்த ஓராண்டில் புதிய மருந்து எதுவும் வந்து இதைச் செய்யவில்லை. வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியும்படி ஒருவர் சொன்னார். உங்கள் சுற்றறிக்கையை எழுதும்போது லினா ராஜர்ஸ் வாசலில் நின்று எப்படிப் பேசியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

எங்கள் பக்கத்துத் தவறையும் மறைக்க மாட்டேன். காலையில் காய்ச்சல் மாத்திரை கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் இருக்கிறார்கள். ஒருமுறை நானும் அதைச் செய்திருக்கிறேன். அன்று விடுப்பு கிடைக்கவில்லை. மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால்தான் அனுப்ப வேண்டும் என்பது எனக்கு அப்போதே தெரியும். மதியம் மாத்திரையின் வேகம் குறைந்ததும் குழந்தை மேசையில் தலை கவிழ்த்துப் படுத்துவிட்டாள் என்று ஆசிரியை சொன்னதை இன்றும் மறக்க முடியவில்லை. இதில் நீங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. செய்தி மடலின் முதல் பக்கத்தில், ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத குழந்தைகளுக்குப் பரிசு கொடுக்கும் படம் வருகிறது. கடைசிப் பக்கத்தில், நோயுற்ற குழந்தையை அனுப்பாதீர்கள் என்று வருகிறது. ஆறு வயதுக் குழந்தை முதல் பக்கத்தைத்தான் பார்க்கிறது. இருமிக்கொண்டே "நான் போகிறேன்" என்று அடம்பிடிக்கிறது. அந்தப் பரிசை நிறுத்துங்கள்.

கண் பரிசோதனை முடிவுகளையும் குழந்தையின் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிவதுதான் இயல்பு என்று நினைத்து வளரும் குழந்தை அந்தத் தாளைத் தொலைத்துவிட்டால், வீட்டில் கேட்பதற்கு வேறு ஆளே இல்லை. அதேபோல், எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் யார் யார் என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

நோய் வந்த அன்று உட்கார்ந்து எழுதத் தொடங்கினால் பதற்றத்தில் பழைய வாசகம்தான் வரும். ஆகையால் பள்ளி திறக்கும் முதல் வாரத்திலேயே சின்னம்மை, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, வயிற்றுப்போக்கு, கண்வலி, பேன் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளை எழுதி, ஒரு மருத்துவரிடம் காட்டித் திருத்திவைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விடுங்கள். அதை எழுத உங்களுக்கு நேரமில்லை என்றால் பெற்றோர்களைக் கூப்பிடுங்கள். சனிக்கிழமையானாலும் பேனாவோடு முதலில் வந்து உட்காருவேன்.

இப்படிக்கு,
இரண்டு தாள்களையும் இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு தாய்