கட்டணச் சீட்டு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு அலுவலகங்களிலும் வணிகக் கட்டடங்களிலும் மின்சிக்கனம் என்றதும் முதலில் பல்புகளைத்தான் மாற்றுகிறார்கள். எந்த மின்சாரம் எங்கே போகிறது என்று அளப்பதில்லை. ஏசி, லிஃப்ட், தண்ணீர் மோட்டார், விளக்கு ஆகியவற்றின் சுற்றுகளுக்குத் தனித்தனித் துணை மீட்டர் வைத்தால்தான் அது தெரியும்.

அதையும் சரியாக வைக்க வேண்டும். பெரிய கரண்டைச் சிறிதாக்கி மீட்டருக்குத் தருவது சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்). 200 ஆம்பியரை 5 ஆம்பியராக்கும் 200/5 சி.டி. பொருத்திவிட்டு மீட்டரில் 100/5 என்று பதிந்தால் பாதி யூனிட்தான் காட்டும். மூன்று பேஸில் ஒரு சி.டி. மட்டும் தலைகீழாக மாட்டப்பட்டால், சமமான லோடிலும் மூன்றில் ஒரு பங்கே பதிவாகும். பொருத்திய அன்றே, வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரால் ஒவ்வொரு பேஸின் கரண்டையும் ஒப்பிட்டால் முதல் தவறு பிடிபடும்; ஏதாவது ஒரு பேஸின் கிலோவாட்டை மீட்டர் மைனஸில் காட்டுகிறதா என்று பார்த்தால் இரண்டாவதும் பிடிபட்டுவிடும். லோடு ஓடும்போது சி.டி.யிலிருந்து மீட்டருக்குப் போகும் செகண்டரி வயரைக் கழற்றவே கூடாது, உயிருக்கே ஆபத்து.

ஒரு கட்டடம் எவ்வளவு மின்சாரம் செலவழிக்கிறது என்று மதிப்பிடும் கணக்கு எளிது. ஆண்டுக்கு 2,40,000 யூனிட் செலவாகும் கட்டடத்தின் பரப்பு, பார்க்கிங் நீங்கலாக, 2,000 சதுர மீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 120 யூனிட். இதில் ஜெனரேட்டர் யூனிட்டையும் சேர்க்க வேண்டும். கூரையில் சோலார் இருந்தால் அங்கேயே பயன்பட்ட மின்சாரம் கட்டணச் சீட்டில் வராது. அதை விட்டுவிட்டு "செலவு குறைந்தது" என்பது தவறான கணக்கு.

இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் ரீடிங் எடுத்துப் பாருங்கள். ஆளில்லாத நேரத்தில் ஓடும் ஏசியும் மோட்டாரும் அதில் தெரிந்துவிடும். ஒவ்வொரு பொதுக் கட்டடத்திலும் இந்த அளவுகளை மாதந்தோறும் நுழைவாயிலில் எழுதி வைக்க அரசு உத்தரவிட வேண்டும்.

மின் தணிக்கையாளர்,
கோயம்புத்தூர்