எந்தக் காரை விற்பது என்று கேட்டாயே

அன்புள்ள தம்பிக்கு,

"இரண்டில் ஒன்றை விற்றுவிடுங்கள் அப்பா" என்று ஒரு வரி அனுப்பி ஆறு வாரமாகிறது. அதன் பிறகு பேச்சே இல்லை. கோலாலம்பூரில் உனக்கு வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

ஓட்டத்தில் தாத்தாவின் மோரிஸ் மைனர்தான். 1098 சிசிதான் என்றாலும் பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் மலைச்சாலையில் 1192 சிசி வோக்ஸ்வேகனை முந்தும். திருப்பினால் திருப்பிய பக்கம் ஒழுங்காகப் போகும். வோக்ஸ்வேகனுக்கு எஞ்ஜின் பின்னால், அதனால் பாரமும் பின்னால். மழையில், வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் வண்டியின் பின்பக்கம் வழுக்கி வீசும். இதை உனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

பராமரிப்பு வேறு கதை. மோரிஸுக்கு ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை கிரீஸ் அடிக்க வேண்டும். முன்சக்கர மூட்டு காய்ந்து தேய்ந்தால் ஒருநாள் சக்கரமே மடிந்து விழும். பிரேக் எண்ணெய் ஊற்றக்கூட ஓட்டுநர் காலடிக் கம்பளத்தைச் சுருட்டி, தகட்டைக் கழற்றி, அடியில் உள்ள மூடியைத் தடவித் திருக வேண்டும். என் முழங்கால் இப்போது அதற்கு மடங்குவதில்லை. வோக்ஸ்வேகனுக்கு ரேடியேட்டரே கிடையாது. இரண்டரை லிட்டர் எண்ணெயை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றி, எஞ்ஜின் ஆறியிருக்கும்போது வால்வு இடைவெளியைச் சரிபார்த்தால் போதும். ஆனால் பெல்ட் முக்கியம். மின்சாரம் தரும் டைனமோவையும் எஞ்ஜினைக் குளிர்விக்கும் காற்றாடியையும் சுற்றுவது அந்த ஒரே பெல்ட். அறுந்தால் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டக் கூடாது.

தைப்பிங்கிலிருந்து திரும்பிய அந்த இரவு நினைவிருக்கிறதா? முதல் நாள் பெல்ட் மாட்டியவன் நீ. நீ சரியாக இறுக்காததால்தான் எஞ்ஜின் போனது என்று பட்டறையில் எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டினேன். தம்பி, விளக்கு எரிந்ததை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன். வெந்த நாற்றம் வந்த பிறகுதான் நிறுத்தினேன். மூன்றாவது சிலிண்டர் வால்வு உடைந்தது என்னால்தான். பத்தொன்பது வயதுப் பிள்ளை தலைகுனிந்து நின்றாய். அன்றிலிருந்து நீ ஸ்பேனரைத் தொடவே இல்லை. எனக்கும் சொல்ல வாய் வரவில்லை.

நம் வீட்டில் அவ்வளவு பொறுமையாக வேலை செய்யும் கை உன்னுடையதுதான். தாத்தாவே சொல்வார். அப்படிப்பட்டவன் போனைக்கூட எடுக்காமல் இருப்பது நியாயமா? போன தடவை பேசியபோது மருமகள் குரலும் கேட்கவில்லை. சாப்பாடு நேரத்துக்கு நடக்கிறதா?

மோரிஸை விற்றுவிடுகிறேன். வாங்க ஆள் இருக்கிறது. பணம் வந்ததும் உன் கணக்கில் போடுகிறேன், எதற்கு என்று கேட்க மாட்டேன். வோக்ஸ்வேகன் உனக்கு. பெல்ட்டைப் பார்த்துக்கொள். விளக்கு எரிந்தால் நிறுத்து.

புது பெல்ட் வாங்கி வந்து மேசையில் வைத்திருக்கிறேன். நான் மாட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதானால் சொல், அம்மா மீன் வாங்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா